ஆடித் தள்ளுபடியில போட்ட கடைக் கார்டு: 24,000 ரூபாய்க்கு 11,800 கட்டியும் இன்னும் 25,400 பாக்கி

பனங்காட்டான் | ஜூன் 26, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சேலம் பனங்காட்டுல கொலுசுப் பட்டறை, பாலிஷ் வேலை. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

போன ஆவணியில தங்கச்சிக்குக் கல்யாணம். ஆடி முடியறதுக்குள்ள துணி எடுத்துடலாம்னு ஆகஸ்ட் 14 அன்னைக்கு அம்மா, சம்சாரம், தங்கச்சி எல்லாரும் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். கடை பேர் வேண்டாம். முகூர்த்தப் பட்டு, மாப்பிள்ளை வேட்டி சட்டை, சம்பந்தி வீட்டுக்கு வெச்சுக் குடுக்கறதுன்னு 24,000 ஆச்சு. கையில காசு இருந்துச்சு, ஆனா பந்தல்காரருக்கு அட்வான்ஸ் தரணும். பில் போடற இடத்துல ஒரு பாப்பா, "அண்ணா, நம்ம கடை கார்டு போட்டுக்குங்க, முதல் வருஷம் கட்டணம் இல்ல, இன்னைக்கே 500 குறையும், மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கலாம்"னு சொல்லுச்சு. ஆதார், பான் குடுத்தேன், போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. 500 கழிச்சுத்தான் அந்த 24,000.

பில்லுல "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது"ன்னு ஒரு தொகை வருது. முதல்ல 1,200. அதை மாசாமாசம் 14 தேதிக்குள்ள கட்டிட்டு வர்றேன். அதுக்கப்புறம் அந்தக் கார்டுல ஒரு கர்ச்சீப் கூட வாங்கல. இதுவரைக்கும் பத்து தடவை, மொத்தம் 11,800 சொச்சம் போயிருக்கு. நேத்து வந்த பில்லைப் பார்த்தா பாக்கி 25,400 சொச்சம். பாதிக்குப் பாதி கட்டியிருக்கேன், கடன் வாங்கினதை விட அதிகமா நிக்குது. கடைக்குப் போய்க் கேட்டா "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்குப் பேசுங்க"ங்கறாங்க. அந்த நம்பர்ல பேசினா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லி வெக்கறாங்க.

நான் எங்க தப்புப் பண்ணினேன்னு யாராவது சொல்லுங்க. சம்சாரத்துக்கு இன்னும் சொல்லல.


லீபஜார் | ஜூன் 26, இரவு 10.05

தம்பி, பில்லுல வட்டி எவ்வளவுன்னு போட்டிருக்கு? மாசத்துக்கா வருஷத்துக்கா?


பனங்காட்டான் | ஜூன் 26, இரவு 10.20

மாசத்துக்கு 3.75ன்னு கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்குண்ணா.


லீபஜார் | ஜூன் 26, இரவு 10.31

அப்போ மூணே முக்கா வட்டி. நூத்துக்கு மாசம் மூணே முக்கா ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற உண்டு. ரெண்டும் சேர்த்தா நாலரை வட்டிக்குக் கொஞ்சம் கம்மி, 4.42 வருது.

நான் முப்பது வருஷமா பஜார்ல இருக்கேன். ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கோம், குடுத்திருக்கோம். நாலரை வட்டின்னு ஒருத்தர் கடைக்கு வந்து சொன்னா, தண்ணி குடுத்து அனுப்பி வெச்சுடுவோம். அதே நாலரை வட்டியை ஏசி போட்ட கடையில, சந்தனம் குங்குமம் குடுத்து, "மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கலாம்"னு சொன்னா கையெழுத்துப் போட்டுடறோம். பாப்பா வட்டி எவ்வளவுன்னு சொல்லல, நீயும் கேக்கல. ஒரு பவுன் அடகு வைக்கப் போனா முதல் கேள்வியே "என்ன வட்டி"ன்னுதானே கேட்டிருப்பே. அதை நெனைச்சுத்தான் எனக்கு மனசு ஆறல.


சூரமங்கலம்65 | ஜூன் 27, காலை 6.50

தம்பி, நான் பொதுத்துறை வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன தேதிகளை வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பில் மாதம் 25ஆம் தேதி முடிகிறது, கெடு அடுத்த 14 என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பலருக்கும் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். கெடு தேதிக்குள் முழுத்தொகையும் கட்டினால்தான் வட்டி கிடையாது. ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடும், வட்டி துணி எடுத்த நாளிலிருந்து ஓடும். செப்டம்பர் 14க்குப் பிறகுதான் வட்டி என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை, ஆகஸ்ட் 14லிருந்து.

மாதம் 3.75, அதாவது வருடத்துக்கு 45 சதவீதம் என்றால் 24,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 29 ரூபாய் 59 காசு. செப்டம்பர் 14 வரை 31 நாளுக்கு 917 ரூபாய். நீங்கள் 1,200 கட்டியபின் மீதி 22,800க்கு, 25ஆம் தேதி வரை 11 நாளுக்கு 309. ஆக 1,226. அதன்மேல் ஜிஎஸ்டி 221. மொத்தம் 1,447. நீங்கள் கட்டியது 1,200, ஏறியது 1,447. செப்டம்பர் பில்லில் பாக்கி 24,247 என்று இருக்கும். சரிதானா பாருங்கள்.

அடுத்த மாதம் 1,212 கட்டியிருப்பீர்கள். அந்த முறை வட்டி 880, ஜிஎஸ்டி 158. கடனில் குறைந்தது 174 ரூபாய். பெரிய மாற்றமில்லாமல் பத்து மாதமும் இப்படியே போயிருக்கிறது.

ஆனால் என் கணக்குப்படி ஜூன் பில்லில் 22,865 அளவில்தான் பாக்கி வரவேண்டும். 25,400 வராது. இடையில் வேறு ஏதோ ஏற்றியிருக்கிறார்கள். பத்து பில்லையும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வட்டி, ஜிஎஸ்டி தவிர வேறு என்ன பெயரில் எந்தத் தொகை இருந்தாலும் எழுதுங்கள்.


நாலுரோடு | ஜூன் 27, காலை 9.15

எனக்கும் இதே மாதிரி ரெண்டு கடைக் கார்டு இருக்கு. மாசாமாசம் முழுசாக் கட்டிடுவேன், ஒத்த ரூபா வட்டி கட்டினதில்ல, பாயின்ட் சேர்ந்து தீபாவளிக்கு ரெண்டு சட்டை அதுலயே எடுத்தேன். கார்டுல தப்பில்ல. விதிமுறையைப் படிக்காம கையெழுத்துப் போடறதுதான் தப்பு. இது கசப்பா இருந்தாலும் யாராவது சொல்லித்தான் ஆகணும்.


தறிவீட்டுப்பொண்ணு | ஜூன் 27, மதியம் 1.30

நாலுரோடு அண்ணா, நான் அந்தக் கவுண்டர்ல நின்னவ. அம்மாபேட்டைதான் எங்க ஊரு, வீட்டுல ரெண்டு விசைத்தறி. காலேஜ் முடிச்சுட்டு ஒரு வருஷம், வேற ஒரு கடையில, கார்டு போடற மேஜையில உக்காந்திருந்தேன். எனக்குச் சம்பளம் குடுத்தது கடை இல்ல, கார்டு குடுக்கற பேங்குக்காக ஆள் சேர்க்கற ஏஜென்சி. கடை யூனிபார்ம் போட்டிருந்ததால எல்லாரும் கடைப் பொண்ணுன்னே நெனைப்பாங்க.

ஒரு நாளைக்கு இத்தனை கார்டுன்னு கணக்கு. ஆடி மாசம் அது ரெட்டிப்பு. "கிரெடிட் கார்டு"ன்னு சொல்லாதே, "நம்ம கடை கார்டு"ன்னு சொல்லுன்னுதான் பயிற்சியே. வட்டியைப் பத்தி அவங்களாக் கேட்டாத் தவிர எடுக்கக் கூடாது. கேட்டா, "முழுசாக் கட்டிட்டா வட்டியே இல்லைங்க"ன்னு சொல்லணும். அது பொய்யும் இல்ல. ஆனா முன்னாடி நிக்கறவங்க முழுசாக் கட்ட முடியாதவங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஜரிகைச் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து விலைச் சீட்டைத் திருப்பி வெக்கறவங்க கிட்டத்தான் எங்களை அனுப்புவாங்க. ரொக்கமா எடுத்து நீட்டறவங்க கிட்டப் போறதே இல்ல.

விதிமுறையைப் படிங்கறீங்க. அது எங்க டேப்லெட்ல இருக்கும், இங்கிலீஷ்ல. வரிசையில பின்னாடி பத்து பேர். நான் "ஓகே"யை அமுக்கிட்டு ஓடிபி கேப்பேன். பனங்காட்டு அண்ணா சொன்ன பத்து நிமிஷத்துல படிக்கறதுக்கு நேரமே கிடையாது, நாங்க குடுக்கறதும் இல்ல.

எங்க தெரு அக்கா ஒருத்தங்க என்கிட்டக் கார்டு போட்டாங்க. அவங்க வீட்டுக்கு வசூல்காரங்க வந்த அன்னைக்கு நான் வேலையை விட்டுட்டேன். இன்னைக்கும் அவங்க வீட்டு வழியாப் போனாத் தலையைக் குனிஞ்சுட்டுத்தான் போறேன்.


நாலுரோடு | ஜூன் 27, மதியம் 2.10

தங்கச்சி, இது எனக்குத் தெரியாது. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். பனங்காட்டான் நண்பா, மன்னிச்சுக்குங்க.


ஏற்காட்டுமிளகு | ஜூன் 27, மாலை 6.45

மேல ஏற்காட்டுல, நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரா இருக்கேன். எங்க ஆளுங்களுக்குக் கிரெடிட் கார்டு யாரும் தர்றதில்ல, தவணைக் கார்டுதான். போன் எடுக்க, டிவி எடுக்க சேலத்துக்கு எறங்குவாங்க. "வட்டியே கிடையாது, பத்து மாசம் கட்டினாப் போதும்."

போன மாசம் எங்க சூப்பர்வைசர் டிவி எடுத்தார். தவணையில 30,000, மாசம் 3,000. ரொக்கம்னா எவ்வளவுன்னு அவர் கேக்கல. நான் அடுத்த நாள் போன் போட்டுக் கேட்டேன், 28,500ன்னாங்க. அது போக பரிசீலனைக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோட 588.82. சூரமங்கலம் சார், இது நிஜமாவே வட்டியில்லாததுங்களா?

இன்னொரு விஷயமும் இருக்கு. எங்க ஆளுங்களுக்குக் கூலி சனிக்கிழமை. தவணை எடுக்கற தேதி 2. அது புதன், வியாழன்ல வந்தா கணக்குல காசிருக்காது. திரும்பிடும். தவணைக் கம்பெனி ஒரு அபராதம், பேங்க் தனியா ஒரு அபராதம். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் எடுத்துப் பார்ப்பாங்க, மறுபடியும் திரும்பும், மறுபடியும் பேங்க் அபராதம். மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்துல ஏணி போட்டு ஏறி எறங்கற ஒரு நாள் கூலி முழுசும் இதுலயே போன ஆள் எங்க லைன் வீட்டுல இருக்கார்.


சூரமங்கலம்65 | ஜூன் 28, காலை 7.05

ஏற்காட்டுத் தம்பி, 28,500 ரூபாய்ப் பொருளுக்கு 588 முன்கூட்டியே கொடுத்தாயிற்று. ஆக அவர் உண்மையில் பெற்ற கடன் 27,911. திருப்பித் தருவது 30,000. பத்துச் சம தவணைக்கு இது வருடத்துக்குச் சுமார் 16 சதவீத வட்டி. முதல் தவணையைக் கவுண்டரிலேயே வாங்கிக்கொண்டிருந்தால் 20ஐ நெருங்கும்.

வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. அந்த வட்டி கட்டணத்துக்குள்ளோ, கிடைக்காமல் போன தள்ளுபடிக்குள்ளோ ஒளிந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு, எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். உங்கள் சூப்பர்வைசரை அந்தத் தாளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தவணைத் தேதியை 10க்கு மேல் மாற்ற முடியுமா என்றும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.


குகைஅக்கா | ஜூன் 28, காலை 11.20

வசூல்காரங்கன்னு அந்தப் பொண்ணு எழுதினதைப் படிச்சதும் கை நடுங்குது. எங்க வீட்டுக்காரர் வாங்கின கார்டுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு எனக்குப் போன் வரும். என் தம்பிக்கு வரும். அவர் வேலை செய்யற இடத்துக்கே வந்துச்சு. இப்படிக் கூப்பிடலாமா?


சூரமங்கலம்65 | ஜூன் 28, காலை 11.50

கூடாதம்மா. காலை 8க்கு முன்பும் இரவு 7க்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவே போட்டிருக்கிறது. உறவினரையோ நண்பரையோ அழைத்து அவமானப்படுத்துவதற்கும் தடை உண்டு. ஏஜென்சி ஆள் செய்தாலும் பொறுப்பு வங்கிக்குத்தான். அழைப்பு வந்த நேரத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியிடமும் அதே மாதிரி வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பயப்படாதீர்கள்.


பனங்காட்டான் | ஜூன் 28, இரவு 8.30

சார், ராத்திரி பட்டறை முடிஞ்சதும் பத்து பில்லையும் போன்ல பெரிசு பண்ணிப் பார்த்தேன். நீங்க சொன்ன செப்டம்பர் பாக்கி 24,247 அப்படியே இருக்கு. என் பில்லைப் பார்க்காமலே சொன்னீங்க, ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

ரெண்டு வரி கண்டுபிடிச்சேன். நவம்பர்ல "கார்டு பாதுகாப்புத் திட்டம்" 1,499, ஜிஎஸ்டி 269.82. ஒரு போன் வந்து "உங்க கார்டுக்குப் பாதுகாப்பு தர்றோம் சார், சரிங்களா"ன்னு கேட்ட ஞாபகம். பாலிஷ் மெஷின் சத்தத்துல "சரி சரி"ன்னு சொல்லியிருப்பேன். காசுன்னு சொன்ன ஞாபகம் இல்ல.

ஏப்ரல்ல "தாமதக் கட்டணம்" 700, ஜிஎஸ்டி 126. கெடு 14. அன்னைக்குச் சித்திரை ஒண்ணு, வீட்டுல சாமி கும்பிட்டு மறந்துட்டேன். 16 காலையில கட்டினேன், அன்னைக்கே வரவாயிருக்கு.

ரெண்டும் சேர்த்தா 2,594.82.


சூரமங்கலம்65 | ஜூன் 29, காலை 6.40

தம்பி, இரண்டையும் திரும்பக் கேட்கலாம். சலுகையாக அல்ல, உரிமையாக.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கிரெடிட் கார்டுகளுக்கென்று ஒரு விதிமுறை கொண்டுவந்தது. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அப்போதுதான் தெரிவிக்கலாம். நீங்கள் இரண்டே நாள். ஆக 826 ரூபாய் தவறு. பாதுகாப்புத் திட்டத்துக்கு வெளிப்படையான சம்மதம் வேண்டும். போனில் சொன்ன "சரி சரி" போதாது. சம்மதம் கொடுத்ததற்கு எழுத்திலோ மின்வழியிலோ ஆதாரம் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

கடைக்காரர் "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னதில் பொய் இல்லை. கார்டில் கடையின் பெயர் இருந்தாலும் கடன் கொடுத்தது வங்கி. உங்கள் கார்டின் கணக்கு விவரம் கடைக்குத் தெரியக் கூடாது என்றே அந்த விதி சொல்கிறது. எனவே கடை வாசலில் நின்று பயனில்லை. போனிலும் பேசாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். பில்லின் கடைசிப் பக்கத்தில் குறைதீர் அதிகாரியின் முகவரி இருக்கும். இரண்டு தொகை, இரண்டு தேதி, இரண்டு வரி போதும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448க்கு அடித்தால் தமிழிலேயே வழி சொல்வார்கள்.

ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கும்போது மீதிக் கடனை ஓட விடாதீர்கள். நாளொன்றுக்கு 28 ரூபாய் ஓடுகிறது. வீட்டில் இரண்டு மூன்று பவுன் இருந்தால் பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வாங்கி 22,865ஐ உடனே கட்டிவிடுங்கள். அங்கே வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குள் முடியும். மாதம் 230க்கு மேல் போகாது. இங்கே ஆயிரம் போகிறது.

இன்னொன்று. முழுதும் கட்டினாலும் அடுத்த பில்லில் சின்னதாக ஒரு வட்டி வரும். ஜூன் 25லிருந்து கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. முடிந்தது என்று நினைத்து அந்தப் பில்லைப் பிரிக்காமல் விட்டவர்கள், அந்த நூறு ரூபாயில் மறுபடியும் மாட்டியிருக்கிறார்கள்.


லீபஜார் | ஜூன் 29, காலை 8.15

சார், எனக்கொரு சந்தேகம். நம்ம மாநிலத்துல 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துச்சு. நாலரை வட்டிக்கு அது பொருந்தாதா?


சூரமங்கலம்65 | ஜூன் 29, காலை 9.30

வங்கிக்குப் பொருந்தாது. வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக நீதிமன்றம் கணக்கைத் திறக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கிரெடிட் கார்டுக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விஷயம் ரிசர்வ் வங்கியின் வேலை என்பது அதன் நிலை. ரிசர்வ் வங்கியோ, அநியாய வட்டி கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, எண்ணை வங்கிகளின் கையில் விட்டிருக்கிறது.

நான் வங்கியில் இருந்தவன்தான். அடமானம் இல்லாத கடன், வராக்கடன் அதிகம், அதனால் வட்டி அதிகம் என்ற காரணத்தை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கடைக்குப் போகும் பங்கு, கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கான ஊக்கத்தொகை, நாலுரோடு தம்பிக்குக் கிடைத்த இரண்டு சட்டை, இவையெல்லாம் பனங்காட்டுத் தம்பி கட்டும் வட்டியிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. 30 சதவீத வரம்பாவது வேண்டும் என்பது என் கருத்து.


கன்னங்குறிச்சிக்காரன் | ஜூன் 29, மதியம் 12.40

நான் இப்ப இருக்கறது நியூ ஜெர்சி. இங்கயும் இதே கதைதாங்க. துணிக்கடை, சாமான் கடை எல்லாத்துலயும் "இன்னைக்குக் கார்டு போட்டா 20 சதவீதம் தள்ளுபடி"ம்பாங்க. வட்டி வருஷத்துக்கு 30க்கு மேல, சாதாரண கார்டை விட ஏழெட்டு சதவீதம் கூட. இதுல இன்னொரு கொடுமை, "12 மாசம் வட்டியில்ல"ன்னு சோபா எடுத்தா, கடைசி மாசம் பத்து டாலர் பாக்கி இருந்தாலும் மொத்தத் தொகைக்கும் முதல் நாள்லேர்ந்து வட்டி போட்டுடுவாங்க. வந்த புதுசுல நான் அதுல மாட்டினேன். தாமதக் கட்டணத்தை 8 டாலரா குறைக்க 2024 மார்ச்ல இங்க ஒரு விதி கொண்டு வந்தாங்க. அமலுக்கே வரல, 2025 ஏப்ரல்ல கோர்ட்டுல ரத்தாயிடுச்சு.


நெறியாளர் | ஜூன் 29, மாலை 4.00

பில் படங்களை இங்கே போடும்போது கார்டு எண், பெயர், முகவரியை அழித்துவிட்டுப் போடவும். ஒரு பதிவை அந்தக் காரணத்துக்காக நீக்கியிருக்கிறோம். வங்கி, கடைப் பெயர்கள் வேண்டாம்.


பனங்காட்டான் | ஜூன் 30, இரவு 9.10

ஞாயித்துக்கிழமை ராத்திரி சம்சாரத்துக்கிட்டச் சொல்லிட்டேன். திட்டுவான்னு நெனைச்சேன். ஒண்ணும் பேசல, உள்ள போய்ச் சங்கிலியைக் கழட்டிட்டு வந்து மேஜை மேல வெச்சா. "உங்க தங்கச்சி சேலை நல்லா இருந்துச்சு இல்ல"ன்னு மட்டும் கேட்டா.

இன்னைக்குக் காலையில மூணு பவுனை வெச்சு நகைக்கடன் வாங்கி, மதியமே 22,865 கட்டிட்டேன். மின்னஞ்சலும் அனுப்பிட்டேன். தறிவீட்டுப் பொண்ணுதான் தனிச்செய்தியில எழுதிக் குடுத்துச்சு. பாப்பா, நீ தலையைக் குனிய வேண்டாம்மா.


பனங்காட்டான் | ஜூலை 8, இரவு 8.45

826 திரும்ப வந்துடுச்சு. பாதுகாப்புத் திட்டத்துக்கு மட்டும் "நீங்கள் தொலைபேசியில் ஒப்புக்கொண்டீர்கள்"னு பதில் வந்திருக்கு.


சூரமங்கலம்65 | ஜூலை 9, காலை 6.30

விடாதீர்கள். அந்தப் பதிலுக்கே பதில் அனுப்புங்கள். எழுத்துச் சம்மதமோ மின்வழிச் சம்மதமோ காட்டுங்கள், இல்லையென்றால் 30 நாள் முடிந்ததும் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று ஒரே வரி.


பனங்காட்டான் | ஜூலை 27, இரவு 9.00

பாதுகாப்புத் திட்டக் காசு 1,768.82 முழுசும் வரவு வெச்சுட்டாங்க. நீங்க சொன்ன சின்ன வட்டியும் ஜூலை பில்லுல வந்துச்சு சார். ஜூன் 25லேர்ந்து 30 வரைக்கும் அஞ்சு நாளுக்கு 141, ஜிஎஸ்டி 25, ஆக 166. அதையும் கட்டிட்டேன். கார்டை ரெண்டா வெட்டிப் போட்டுடலாங்களா?


சூரமங்கலம்65 | ஜூலை 28, காலை 6.45

வெட்டினால் கார்டுதான் போகும், கணக்கு இருக்கும். ஆகஸ்டில் வருடக் கட்டணம் வந்து நிற்கும். முதலில் மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். மூடியதாகக் கடிதம் வந்தபின் வெட்டுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம்.


பனங்காட்டான் | ஆகஸ்ட் 5, இரவு 8.20

அஞ்சாம் நாளே மூடிட்டதாக் கடிதம் வந்துடுச்சு. சம்சாரம்தான் வெட்டினா.


குகைஅக்கா | ஆகஸ்ட் 6, காலை 10.40

தம்பி, சந்தோஷம். எனக்கும் மின்னஞ்சல் அனுப்பின பின்னாடி ராத்திரி போன் நின்னு மூணு வாரம் ஆச்சு. கடன் இன்னும் இருக்கு, கட்டிட்டிருக்கோம். ஆனா ராத்திரி தூங்கறோம்.


மாங்கனி | ஆகஸ்ட் 9, மாலை 7.15

புதுசா சேர்ந்தவ, முதல் பதிவு. முழுசும் படிச்சேன். நேத்து எங்க அம்மா கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போன இடத்துல இதே மாதிரி கார்டுக்குக் கையெழுத்துப் போட்டு ஓடிபியும் சொல்லிட்டு வந்திருக்காங்க. துணிக்கு ரொக்கமாத்தான் குடுத்திருக்காங்க. கார்டு தபால்ல வருமாம். அம்மா நெஞ்சுல கை வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. இப்ப என்ன செய்யறது?


பனங்காட்டான் | ஆகஸ்ட் 9, இரவு 7.40

அம்மாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு ரூபா கூட இன்னும் கடன் ஆகல. கார்டு வந்தா உறையோட அப்படியே வெச்சுடுங்க. கார்டை ஆன் பண்ணறேன்னு யார் போன் பண்ணினாலும் ஓடிபி சொல்ல வேண்டாம். 30 நாள் வரைக்கும் ஆன் பண்ணாம இருந்தா அவங்களே மறுபடியும் சம்மதம் கேக்கணும், நீங்க தரலைன்னா ஏழு வேலை நாள்ல காசு வாங்காம மூடியாகணும். அதுவும் அந்த 2022 விதியிலேயே இருக்கு. ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். கார்டு வேண்டாம், மூடிடுங்கன்னு இன்னைக்கே அம்மா பேர்ல ஒரு மின்னஞ்சல் அனுப்பிடுங்க. நான் அனுப்பினது போன்ல இருக்கு, தேதியும் தொகையும் மாத்தித் தனிச்செய்தியில அனுப்பறேன்.

அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லைன்னா சொல்லுங்க. சேலத்துக்குள்ளன்னா நேர்லயே வர்றேன், ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு.